கியூப் டிராஃப்டில் வெட்டும் அடைப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேஜிக் த கேதரிங் கார்டுகளில் தாங்களே 360 பொறுக்கி, சொந்தமாகக் கியூப் (டிராஃப்ட் ஆடுவதற்கான கார்டுத் தொகுப்பு) கட்டுகிறவர்களுக்கான பக்கம் இது. டிராஃப்டில் ஒவ்வொருவரும் ஒரு பேக்கிலிருந்து ஒரு கார்டு எடுத்துவிட்டு மீதியைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளுவார், எடுத்ததை வைத்து டெக் கட்டி ஆடுவார். மலேசியாவில் பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் கிள்ளானிலும் வார இறுதி மேசைகளில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. எல்லாக் கணக்கும் ஒரே அமைப்புக்குத்தான்: எட்டுப் பேர், ஆளுக்கு 15 கார்டு கொண்ட 3 பேக், 40 கார்டு டெக், அதில் 17 லேண்ட் (மனா தரும் நிலக் கார்டு; மற்ற கார்டுகளைப் போடக் கட்டும் விலைதான் மனா). கியூபில் 150 கிரியேச்சர் (மேசையில் நின்று அடிக்கவும் தடுக்கவும் செய்யும் உயிரினக் கார்டு) அளவில் இருக்கும், சக்தி நடுத்தரம் என்று வைத்துக்கொள்கிறோம். பிளாக் லோட்டஸ் போல மிதமிஞ்சிய சக்தி கொண்ட கார்டுகள் உள்ள கியூப் என்றால் இந்த எண்கள் பொருந்தாது.

வெட்டு என்றால் என்ன, அடைப்பு என்றால் என்ன?

ஆடுபுலி ஆட்டம் தெரிந்தவர்களுக்கு ஒரு வரி போதும். மூன்று புலி வெட்டும், பதினைந்து ஆடு அடைக்கும். மேசைக்கு வந்துவிட்ட பொருளை எடுத்துவிடும் கார்டு வெட்டு: லைட்னிங் போல்ட், டூம் பிளேட், ஆப்லிவியன் ரிங், ரேத் ஆஃப் காட். எதிராளி நினைத்ததைச் செய்யவிடாமல் வழியை மறிக்கும் கார்டு அடைப்பு: போடும் கார்டை அப்போதே ரத்து செய்யும் கவுண்டர்ஸ்பெல், கையிலிருந்து பிடுங்கும் டியூரெஸ், லேண்டை உடைக்கும் ஸ்டோன் ரெயின், விலையை ஏற்றும் தாலியா.

மேன்-ஓ-வார் போல கிரியேச்சரைக் கைக்குத் திருப்பி அனுப்புவதை அடைப்பில் சேருங்கள். அப்படிப் போன பொருள் அடுத்த டர்னே திரும்பி வரும். பாசிஃபிசம் வெட்டுதான், ஆனால் ஓட்டை உள்ள வெட்டு. அடிக்கவும் தடுக்கவும் முடியாதே தவிர, டேப் செய்து (கார்டைப் பக்கவாட்டில் திருப்பி) வேலை செய்யும் கிரியேச்சர் தன் வேலையைத் தொடர்ந்து செய்யும். லானோவார் எல்ஃப்மேல் பாசிஃபிசம் போட்டால் அது பாட்டுக்கு மனா தந்துகொண்டிருக்கும்.

360 கார்டில் எத்தனை வெட்டு வைக்க வேண்டும்?

58-இல் தொடங்குங்கள். எட்டுப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 7 சொச்சம். தாங்கள் ஆடும் நிறத்தோடு ஒத்துவராமல் இரண்டு மூன்று டெக்கில் ஏறாமல் தங்கிவிடும். டெக்கில் ஏறுவது 4 முதல் 6. அந்த அளவுதான் வேண்டும். காரணம் இந்தக் கணக்கு: இரண்டாவதாக ஆடுபவர் நாலாவது டர்னில் 11 கார்டு பார்த்திருப்பார். டெக்கில் 3 வெட்டு இருந்தால் அதற்குள் ஒன்றாவது கைக்கு வந்திருக்க 63 சதவீத வாய்ப்பு. 5 இருந்தால் 82 சதவீதம். 7 இருந்தால் 92 சதவீதம்.

மூன்றிலிருந்து ஐந்துக்குப் போகும்போது ஆட்டமே மாறுகிறது. ஐந்திலிருந்து ஏழுக்குப் போனால் கிடைப்பது பத்து சதவீதம், பறிபோவது இரண்டு கிரியேச்சர் இடம். வெட்டு கூடிப்போன கியூபில் இரண்டு பேரும் மாறி மாறி வெட்டிவிட்டு, காலி மேசையைப் பார்த்தபடி மேல் கார்டுக்குக் காத்திருப்பார்கள்.

அடைப்பு இதற்கு வெளியே 20 அளவில் இருக்கலாம். இரண்டும் சேர்த்து 78, அதாவது கியூபில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்.

எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஐந்து மனா கிரியேச்சரை யாரும் எடுப்பதே இல்லை. ஏன்?

வெட்டின் விலையைப் பாருங்கள். பெரும்பாலான கியூப்களில் கோளாறு அங்கேதான். ஐந்து மனா கொட்டி பேன்ஸ்லேயர் ஏஞ்சலை இறக்குகிறீர்கள். எதிராளி ஒரு மனாவில் சோர்ட்ஸ் டு ப்ளோஷேர்ஸ் போட்டு அதை அனுப்பிவிட்டு, மிச்ச நாலு மனாவில் தன் கிரியேச்சரையும் இறக்குகிறார். உங்களுக்கு 5 உயிர் கிடைக்கும், உண்மைதான். ஆனால் ஒரு முழு டர்ன் போய்விட்டது. இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாவது டிராஃப்டில் பேன்ஸ்லேயர் பதினோராவது கை வரைக்கும் யாரும் எடுக்காமல் சுற்றும்.

58-ஐ விலைவாரியாக அடுக்கிப் பார்க்கலாம். ஒரு மனாவில் 8, இரண்டில் 18, மூன்றில் 17, நாலும் அதற்கு மேலும் 15. நாங்கள் பார்த்த முதல் பட்டியல்களில் பெரும்பாலும் ஒரு மனாவில் மட்டும் பதினைந்துக்குக் குறையாமல் நிற்கும். எல்லாரும் நல்ல கார்டையே தேடிச் சேர்ப்பதால் வரும் வினை.

மருந்து வெட்டில் மட்டும் இல்லை, வெட்டப்படும் பொருளிலும் இருக்கிறது. முல்டிரிஃப்டரும் ஐந்து மனாதான். ஆனால் இறங்கியவுடனே இரண்டு கார்டு தந்துவிடுகிறது. அதன்பிறகு அதை வெட்டினால் வெட்டியவருக்குத்தான் ஒரு கார்டு நட்டம். நாலு மனாவும் அதற்கு மேலும் உள்ள கிரியேச்சர்களில் பாதிக்குச் சற்று மேல் இப்படி 'வந்தவுடன் கூலி வாங்கும்' வகையாக இருக்கட்டும். மீதி பேன்ஸ்லேயர் வகை. எல்லாமே முல்டிரிஃப்டர் வகையானால் வெட்டுக்கு மதிப்பே போய்விடும். அதுவும் ஒரு நோய்.

லைட்னிங் போல்ட் வைக்கலாமா?

ஒரு மனாவில் 3 சேதம் தரும் கார்டு அது. வைக்கலாம், அதற்கு முன் ஒரு வேலை. எல்லாக் கிரியேச்சரையும் தரையில் பரப்பி, தாங்குதிறன் எண்ணின்படி (எத்தனை சேதத்தில் சாகும் என்ற எண்) குவியல் போடுங்கள். 1, 2, 3, 4, 5-உம் அதற்கு மேலும் என ஐந்து குவியல். 150-இல் 3 வரை உள்ளவை 100, 4 உள்ளவை 30, 5-உம் அதற்கு மேலும் 20 என்று இருந்தால் போல்ட் நல்ல கார்டு, அரசன் அல்ல. 3 வரை உள்ளவை 125 என்று வந்தால் போல்ட்தான் கியூபை ஆளும். அப்போது போல்ட்டைத் தூக்க வேண்டாம், குவியலைத் திருத்துங்கள். மூன்று மனா, நாலு மனா இடத்தில் 2/4, 3/4 உடம்புகளை (முதல் எண் அடிக்கும் பலம், இரண்டாவது தாங்குதிறன்) ஏற்றுங்கள்.

சிவப்பின் 13 வெட்டையும் இதே போலப் பிரிக்க வேண்டும். 2 சேதம் தருபவை 3, 3 சேதம் 4, 4 சேதம் 2, 5-உம் அதற்கு மேலும் 2, மேசையில் உள்ள கிரியேச்சர்களை மொத்தமாகத் துடைப்பவை 2. எல்லாமே 3 சேதம் என்றால் தாங்குதிறன் 4 உள்ள கிரியேச்சர் சிவப்புக்கு எதிராக மலைபோல் நிற்கும், 3 உள்ளது காகிதம். இடையில் எதுவுமே இல்லாமல் போகும்.

இன்னொரு பலி பச்சை. முதல் டர்ன் எல்ஃபை ஒரு மனா சேதக் கார்டால் சுடுவது எப்போதுமே லாபமான மாற்று. ஒரு மனாவில் சுடும் கார்டு சிவப்பில் ஐந்து ஆறு சேர்ந்துவிட்டால், எல்ஃப் நம்பி 16 லேண்டோடு வரும் பச்சை டெக் இரண்டாவது டர்னிலேயே நொண்டும். மூன்றுக்கு மேல் வேண்டாம்.

நிபந்தனை உள்ள வெட்டு நல்லதா?

நிபந்தனையைப் பொறுத்தது. டூம் பிளேட் கறுப்பு கிரியேச்சரைத் தொடாது. அந்த நிபந்தனையில் ஆடுபவர் செய்வதற்கு எதுவும் இல்லை. எதிரே கறுப்பு டெக் உட்கார்ந்தால் கையில் காய்ந்து கிடக்கும், வேறு டெக் என்றால் எந்தக் குறையும் இல்லை. வெற்றியை, யாரோடு யார் என்று ஜோடி போட்ட சீட்டு தீர்மானித்துவிடுகிறது. இப்படிப்பட்டது ஒன்று போதும்.

ஃபேட்டல் புஷ் வேறு மாதிரி. ஒரு மனாவில் மலிவான கிரியேச்சரை எடுக்கும், பெரியதைத் தொடாது, நீங்கள் தயார் செய்தால் நாலு வரை எட்டும். எல்லா டெக்கிலும் அதற்கு இலக்கு உண்டு, எல்லா டெக்கிலும் அது எட்டாத இடமும் உண்டு. டயாபாலிக் எடிக்ட்டும் அதே ஜாதி: எதிராளி எதைப் பலியிடுவது என்று அவரே தேர்ந்தெடுக்கிறார், அதனால் சின்ன டோக்கன் (வேறு கார்டு உருவாக்கித் தரும் கிரியேச்சர்) வைத்திருப்பவர் தப்பிக்கிறார். எப்போது போடுவது என்று யோசிக்கவைக்கும் நிபந்தனை நல்லது. யார் எதிரே வருவார்கள் என்று வேண்டிக்கொள்ள வைக்கும் நிபந்தனை வீண்.

நிறத்துக்கு எத்தனை?

ஐந்து நிறத்துக்கும் தலா 50, இரு நிறக் கலப்பு 30, ஆர்டிஃபாக்ட் (பெரும்பாலும் நிறமில்லாத கருவிக் கார்டு) 40, லேண்ட் 40 என்ற 360-இல்: கறுப்பு 13, சிவப்பு 13, வெள்ளை 10, பச்சை 6, நீலம் 5, கலப்பு 7, ஆர்டிஃபாக்ட் 4.

பச்சைக்கு ஆறுதானா என்று கேட்பவர்கள் அதிகம். உங்கள் கிரியேச்சரையும் எதிராளியுடையதையும் மோதவிடும் ப்ரே அப்பான் போன்ற சண்டைக் கார்டு ஒரு மனாதான், ஆனால் உங்கள் கிரியேச்சர் மேசையில் இருந்தால்தான் வேலை செய்யும். அந்த நேரத்தில் எதிராளி உங்கள் கிரியேச்சரைச் சுட்டுவிட்டால் இரண்டு கார்டு போச்சு. ராபிட் பைட் ஒரு மனா கூட, ஆனால் திருப்பி அடி வாங்காது. இரண்டும் கலந்து வையுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் பச்சையின் பெரிய உடம்பும் வெட்டும் ஒரே நிறத்தில் சேர்ந்து, மற்றவர்கள் கறுப்பை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்பார்கள்.

ஆர்டிஃபாக்டில் 4-ஐத் தாண்ட வேண்டாம். நிறமில்லாத மலிவு வெட்டு எல்லா டெக்கிலும் ஏறும். நிறத்துக்கு நிறம் இருக்க வேண்டிய வித்தியாசம் கரைந்துவிடும்.

ஃபிளேம்டங் காவு, நெக்ரடால் போன்ற 'வெட்டிக்கொண்டே வரும்' கிரியேச்சரை எதில் எண்ணுவது?

வெட்டில்தான். இதை விட்டுவிட்டு எண்ணுவதால்தான் 58 என்று நினைத்த கியூபில் உண்மையில் 70 இருக்கும். ஒரு கார்டு எதிராளியின் கிரியேச்சரை எடுத்துவிட்டு, தானும் உடம்பாக நிற்கிறது. இரண்டுக்கு ஒன்று. நீலத்திலோ வெள்ளையிலோ கிரியேச்சரை வெளியே அனுப்பித் திரும்பக் கொண்டுவரும் கார்டுகள் இருந்தால் மூன்றுக்கு ஒன்று, நாலுக்கு ஒன்று என்று போகும். மொத்தக் கியூபுக்கும் 7, ஒரு நிறத்தில் அதிகபட்சம் 2.

ஃபிளேம்டங் காவுவை மட்டும் தயங்காமல் வைக்கலாம். 4/2 உடம்பு, வந்தவுடன் ஒரு கிரியேச்சருக்கு 4 சேதம். அந்தச் சேதம் விருப்பம் அல்ல, கட்டாயம். எதிராளி மேசை காலி, உங்கள் பக்கம் ஒரு 2/2 நிற்கிறது என்று வையுங்கள். காவுவை இறக்கினால் உங்கள் 2/2-ஐயோ காவுவையோ நீங்களே கொல்ல வேண்டும். அதனால் நாலு மனா இருந்தும் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். கடிவாளம் கார்டிலேயே இருக்கிறது. சொந்தமாகக் கார்டு எழுதுகிறவர்கள் 'எதிராளியின் கிரியேச்சர்' என்று மட்டும் எழுதிவிடுவது வழக்கம். அந்த ஒரு சொல்லில் கடிவாளம் கழன்றுவிடும்.

மேசை துடைக்கும் கார்டு எத்தனை?

58-க்குள்ளேயே 5. வெள்ளை 2, சிவப்பு 2, கறுப்பு 1. வெள்ளையில் ஒன்று ரேத் ஆஃப் காட் போல நாலு மனா, இன்னொன்று ஐந்து மனா. இரண்டும் நாலு என்றால் வேகமான டெக்குகள் மூச்சு விடாது. தன் கிரியேச்சரை விட்டுவிட்டு எதிராளியுடையதை மட்டும் துடைப்பவை வேண்டாம். பைரோக்ளாசம் இரண்டு மனாவில் எல்லாவற்றுக்கும் 2 சேதம். டோக்கன் டெக் கியூபில் இருந்தால் அது ஒன்றாவது அவசியம்.

எதனாலும் தொட முடியாத கிரியேச்சர் வைத்தால் வெட்டு தானாகக் குறையாதா?

குறையாது, பயனற்றுப்போகும். ஹெக்ஸ்ப்ரூஃப் (எதிராளி குறிவைக்க முடியாத) கிரியேச்சர்மேல் பலம் கூட்டும் ஆரா கார்டு ஒன்றை மாட்டிவிட்டால் எதிரே இருப்பவர் வேடிக்கை பார்க்கலாம். 2021-இல் ஸ்ட்ரிக்ஸ்ஹேவனில் வந்த வார்டு நல்ல மாற்று. வெட்டலாம், ஆனால் கூடுதலாக மனா கட்ட வேண்டும். வார்டு 2 என்றால் ஒரு மனா வெட்டு மூன்று மனா ஆகிவிடுகிறது. விலைப் பிரச்சினைக்கும் இது மருந்து.

கையிலிருந்து பிடுங்கும் கார்டுகளால் சண்டையே வருகிறது. தூக்கிவிடலாமா?

ஹிம் டு டூராக்கைத் தூக்குங்கள். இரண்டாவது டர்னில் இரண்டு கார்டு, அதுவும் கண்ணை மூடிக்கொண்டு. இரண்டு லேண்ட் போய்விட்டால் அந்த ஆட்டம் அங்கேயே முடிந்தது. எதிராளி தப்பாக எதுவும் ஆடவில்லை. டியூரெஸ், இன்க்விசிஷன் ஆஃப் கோசிலெக் இரண்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பவை, லேண்டைத் தொடாதவை. சண்டை அடங்கும்.

டியூரெஸ் கிரியேச்சரையும் தொடாது என்பதைக் கணக்கில் வையுங்கள். கிரியேச்சர் நிறைந்த கியூபில் எதிராளி டெக்கில் டியூரெஸ் எடுக்கக்கூடியவை 8 என்றால், முதல் 7 கார்டில் ஒன்றுகூட இல்லாமல் போக 18 சதவீத வாய்ப்பு. எதிராளி கையைப் பார்த்த திருப்தி மட்டும் மிஞ்சும். மொத்தம் இவ்வகை 4 போதும். ஆட்டத்தின் பின்பாதியில் இவை வெற்றுக் கார்டு, அதுவே இவற்றுக்கான விலை.

லேண்டை உடைப்பது?

நடுத்தரக் கியூபுக்கு வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஒரே ஒரு வரிசையைப் பாருங்கள். முதலில் ஆடுபவர் முதல் டர்னில் லேண்ட், எல்ஃப். எதிராளி ஒரு லேண்ட் போட்டுவிட்டு முடிக்கிறார். இரண்டாவது டர்னில் இரண்டு லேண்டும் எல்ஃபும் சேர்ந்து மூன்று மனா, ஸ்டோன் ரெயின். எதிராளியிடம் லேண்ட் பூஜ்யம். இதன் பிறகு நடப்பதை யாரும் ஆட்டம் என்று சொல்வதில்லை. எல்லா லேண்டையும் ஒரேயடியாக அழிக்கும் ஆர்மகெடான் அதைவிட மோசம்: முன்னால் இருப்பவர் போட்டால் வென்றுவிடுவார், பின்னால் இருப்பவர் போட்டால் ஆட்டம் ஒரு மணி நேரம் இழுக்கும்.

வேஸ்ட்லேண்ட் பேசிக் அல்லாத (ஒரு நிற அடிப்படை லேண்ட் அல்லாத) லேண்டை மட்டும் உடைக்கும். மூன்று நிற டெக்கை ஊக்குவிக்க 40 லேண்ட் வைத்துவிட்டு வேஸ்ட்லேண்டும் வைப்பது, விருந்துக்குக் கூப்பிட்டு வாசலைப் பூட்டுவது போல. எல்லாரும் பேராசையோடு ஐந்து நிறம் ஆடும் மேசை என்றால் ஒன்று வைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

நீலத்துக்கு எத்தனை கவுண்டர்?

7. அதில் நிபந்தனையே இல்லாதது 2 (கவுண்டர்ஸ்பெல் போல), மனா லீக் போலக் கூடுதல் மனா கேட்பது 2, கிரியேச்சரை மட்டும் தடுக்கும் எசென்ஸ் ஸ்கேட்டர் 1, கிரியேச்சர் அல்லாததைத் தடுக்கும் நெகேட் 1, ரிமாண்ட் 1. கவுண்டர்ஸ்பெல் இரண்டு நீல மனா கேட்பதால் நீலத்தைத் தொட்டுக்கொள்ள மட்டும் வைத்திருப்பவர் போட முடியாது. அந்தப் பூட்டு நல்லது. மனா லீக் ஏழாவது டர்னுக்கு மேல் செத்த கார்டு, ஏனெனில் எதிராளி மூன்று மனாவைக் கட்டிவிட்டுப் போவார்.

ஆர்டிஃபாக்ட், என்சாண்ட்மென்ட்டை (மேசையில் நிலைத்து நிற்கும் மந்திரக் கார்டு) எடுக்கும் கார்டுகளை யாரும் மெயின் டெக்கில் வைப்பதில்லையே?

டிஸ்என்சாண்ட்டைக் கொடுத்தால் வைக்க மாட்டார்கள். அதே வேலையைச் செய்யும் கிரியேச்சரான ரெக்லமேஷன் சேஜ் கொடுங்கள்: இலக்கு இல்லாவிட்டாலும் மூன்று மனாவுக்கு 2/1 உடம்பாவது மிஞ்சும்.

எட்டுப் பேர் சேராவிட்டால்?

ஆறு பேர் என்றால் 270 கார்டு மட்டும் மேசைக்கு வரும். சராசரி மாறாது, ஏற்றத்தாழ்வு மாறும். கறுப்பின் 13 வெட்டில் ஒரு நாள் 12 வரும், ஒரு நாள் 7. ஆறு பேருக்கு அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

நாலு பேர் என்றால் கையால் சரிசெய்ய வேண்டும். 58 வெட்டைத் தனியே எடுத்துக் கலைத்து 29 எண்ணுங்கள். மீதி 302-ஐக் கலைத்து 151 எண்ணுங்கள். இரண்டையும் சேர்த்துக் கலைத்தால் 180. அதை 15 கார்டு பேக்காகப் போட்டால் ஒரே பேக் நாலு சுற்று வரும், எதிராளிக்கு வேண்டியதை மறித்து எடுப்பதே ஆட்டமாகிவிடும். ஆளுக்கு 9 கார்டு கொண்ட 5 பேக் போடுங்கள்.

தீபாவளி, தைப்பூச விடுமுறையில் பன்னிரண்டு பேர் கூடும் வீடுகளுக்கு 540 கார்டு கியூப் கச்சிதம். ஆறு பேர் கொண்ட இரண்டு மேசை, ஒரு கார்டும் மிஞ்சாது. வெட்டை அதே விகிதத்தில் 87 ஆக்குங்கள்.

சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டிராஃப்ட் முடிந்தவுடன், பேச்சு தொடங்குவதற்கு முன், ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டுச் சீட்டு. அதில் மூன்று விஷயம்: டெக்கில் எத்தனை வெட்டு ஏறியது, தோற்ற ஆட்டத்தில் கையில் பயன்படாமல் நின்ற கார்டு எது, ஒவ்வொரு பேக்கிலும் கடைசி மூன்றாக வந்தவை எவை.

கடைசி மூன்றில் வெட்டுக் கார்டு தொடர்ந்து வந்தால் வெட்டு அதிகம். எட்டு பேரும் முதல் கையிலேயே வெட்டை எடுத்தால் அது மலிவு. தோற்றவர் கையில் ஐந்து மனா கிரியேச்சர்கள் நின்றால் வேகம் அதிகம், வெட்டைத் தொடாதீர்கள். 50 நிமிடச் சுற்று முடியாமல் சமனில் நின்றால் பதில் சொல்லும் கார்டு கூடி, ஆட்டத்தை முடிக்கும் கார்டு குறைந்துவிட்டது. டிராஃப்டுக்கு 45 நிமிடம், டெக் கட்ட 25, மூன்று சுற்று. ஏழு மணிக்குத் தொடங்கினால் பத்தே முக்காலுக்குள் முடிந்து, மாமாக் கடையில் ஒரு தே தாரிக் குடித்துவிட்டும் எல்ஆர்டி ரயில் பிடிக்கலாம். ஆட்கள் கடைசி ரயிலுக்கு ஓடுகிறார்கள் என்றால் அதுவும் ஓர் அளவுகோல்தான்.

ஒரு தடவைக்கு 10 கார்டுக்கு மேல் மாற்றாதீர்கள். மாற்றியபின் குறைந்தது மூன்று டிராஃப்ட். ஒரே ராத்திரியில் ஒரு கார்டு மூன்று பேரைத் தோற்கடித்தது என்பதற்காக அதைத் தூக்கினால், அடுத்த வாரம் அதன் இடத்தில் இன்னொன்று உட்காரும்.

விலை உயர்ந்த கார்டுக்குப் பதில் அச்சடித்து வைக்கலாமா?

அங்கீகாரம் பெற்ற போட்டியில் செல்லாது. வீட்டு மேசைக்குத் தடையில்லை. சாதாரணத் தாளில் அச்சடித்து, ஸ்லீவுக்குள் (பிளாஸ்டிக் உறை) பழைய காமன் கார்டு ஒன்றை முதுகாக வைத்துச் செருகுங்கள். ஸ்லீவின் பின்புறம் ஒளி ஊடுருவக் கூடாது, 360-உம் ஒரே வகை ஸ்லீவாக இருக்க வேண்டும். நம் ஊர் ஈரத்தில் ஃபாயில் (பளபளப்புப் பூச்சு உள்ள) கார்டு வில்லாக வளையும். கலைக்கும்போது அது எங்கே இருக்கிறது என்று விரலுக்கே தெரியும். வெட்டுக் கார்டில் ஃபாயில் கண்டிப்பாக வேண்டாம்.